மான் குறைந்த மலையும் வேட்டையாளர் முறையீடும்

ஜாதவ்பூர் நிலையத்தில் அந்தி வேளையில் நின்று பார்த்தால், சியால்தாவிலிருந்து கானிங் செல்லும் வண்டி மூச்சுத் திணறும் கூட்டத்தோடு தெற்கு நோக்கிச் செல்வதைக் காணலாம். காலையில் நகருக்கு மீனும் காய்கறியும் கொணர்ந்தோர் வெறுங்கூடைகளோடு வீடு திரும்பும் வண்டி அது. அவ்வண்டி சென்று நிற்கும் ஊருக்கும் அப்பால், ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் இடத்தில் சுந்தரவனம் பரந்து கிடக்கிறது. புலி எங்கே இருக்கிறது என்று நம் குழந்தைகள் கேட்டால், அத்திசையை நோக்கிக் கை காட்டுவது நம் காலனியில் வழக்கமாகிவிட்டது. புலி உண்ணும் மானைப் பற்றி எந்தக் குழந்தையும் கேட்பதில்லை, பெரியோரும் கேட்பதில்லை.

மானைப் பற்றி ஒரு காலத்தில் பெருங்கவலையோடு கேட்டவர்கள், அதனைச் சுட்டுக் கொன்றவர்களே ஆவர். இது விந்தை போலத் தோன்றும். ஆயினும் நம் தமிழகத்து நீலகிரி மலையில் நடந்த வரலாறு இதுவே. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் குடும்பத்தினர் பலர் உதகைக்கும் சென்று வருகின்றனர். ஏரியையும் மலர்த் தோட்டத்தையும் கண்டு, முதுமலை வழியாக மைசூருக்கு இறங்குகையில், சாலை ஓரத்தில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்வதைப் பார்க்கின்றனர். மானுக்கு இங்கே என்ன குறை என்று எண்ணியே அவர்கள் திரும்புவர். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர் அதே மலையில், மான் கிடைக்கவில்லையே என்று வேட்டையாளர் குமுறினர். அக்குமுறல் ஒரு சங்கமாயிற்று. சங்கம் ஒரு சட்டத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் நன்மையும் தீமையும் நம் காலம் வரை தொடர்ந்து வந்தன. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறாத இவ்வரலாற்றை நம் ஆண்டு விழா மலரில் எழுத விழைந்தேன்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மலைமீது ஏறியது 1819இல். சில ஆண்டுகளில் உதகையில் அவர் கல் வீடு கட்டினார். அவரைத் தொடர்ந்து நோயுற்ற படை அதிகாரிகளும், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய உத்தியோகஸ்தர்களும் மலைக்கு வரலாயினர். வந்தவர்க்கு அங்கே பொழுதுபோக்கு ஏது? நாடகக் கொட்டகை இல்லை, கடைவீதி இல்லை. துப்பாக்கி இருந்தது. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரையில் புல்வெளியும், அதன் மடிப்புகளில் கரும்பச்சைச் சோலைகளும் இருந்தன. அச்சோலைகளில் கடமான்கள் இருந்தன.

கடமானின் இயல்பை இங்குச் சிறிது கூறவேண்டும். மிளா என்றும் இதனை வழங்குவர். இந்திய நாட்டு மான் இனங்களுள் உருவில் பெரியது இதுவே. பகற்பொழுதெல்லாம் சோலைக்குள் படுத்திருந்து, மாலை மயங்கியபின் புல்வெளிக்கு வந்து மேயும். கலைமானுக்கே கொம்புண்டு, பெண்ணுக்கு இல்லை. பெண்மான் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆகவே ஒரு சோலையில் உள்ள பெண்மான்கள் சுடப்பட்டால், அந்த இழப்பை ஈடு செய்யப் பல ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கு தெரியாமலோ, தெரிந்தும் பொருட்படுத்தாமலோ, சல்லிவனுக்குப் பின் வந்த இரண்டு தலைமுறையினர் சுட்டுத் தள்ளினர்.

வேட்டையாடும் முறையும் எளிதே. கூலியாட்கள் சிலரும் நாய்கள் சிலவும் சோலையின் ஒரு பக்கத்தில் நுழைந்து ஆரவாரம் செய்வர். துரை மறு பக்கத்தில், மான் வெளிப்படும் வழியில் துப்பாக்கியோடு அமர்ந்திருப்பார். கலைந்து ஓடிவரும் விலங்கு கலையா பிணையா, முதியதா இளையதா என்று பார்த்துச் சுடுவது அவர் மனத்தைப் பொறுத்தது. வால்டர் காம்பெல் என்பார் 1842இல் வெளியிட்ட ‘பழைய வனக்காவலர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் நீலகிரி வேட்டையைக் களிப்போடு வருணிக்கிறது. அக்காலத்தார்க்கு மலை, அள்ள அள்ளக் குறையாத களஞ்சியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

களஞ்சியம் குறையலாயிற்று. காரணங்கள் பல. வாயில் மருந்து இட்டுக் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கி போய், பின்புறம் தோட்டா இட்டு விரைவில் சுடும் துப்பாக்கி 1860களில் பரவியது. குன்னூரை அடுத்து வெல்லிங்டனில் படைவீடு அமைந்தது. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைக்காலத்தில் உதகைக்குக் குடிபெயர்ந்தது. 1873இல் இருப்புப்பாதை மேட்டுப்பாளையம் வரை வந்தது. முன்பு மாட்டு வண்டியிலும் குதிரையிலும் பல நாள் பயணம் செய்து வந்த வேட்டைக்காரர், இப்போது குறுகிய விடுமுறையிலும் வந்து போக இயன்றது. மறுபுறம், காப்பியும் தேயிலையும் சின்கோனாவும் பயிரிடுவதற்காகச் சரிவுகளில் இருந்த காடுகள் வெட்டப்பட்டன. விறகுக்காகச் சீகை மரமும் தைலமரமும் புல்வெளியில் நடப்பட்டன. மான் படுக்கும் இடமும் குறைந்தது. மேயும் இடமும் குறைந்தது. அதனைத் துரத்தும் துப்பாக்கி மட்டும் பெருகியது.

இம்மாற்றத்தைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர்களுள் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் சென்னைப் படை அதிகாரி ஒருவர். கொடைக்கானல் மலையில் பேரிஜம் ஏரிக்கு அருகே ‘ஹாமில்டன் கோட்டை’ என்று இன்றும் வழங்கும் இடம் அவர் பெயரால் அமைந்தது. பார்த்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கலாம். அங்கே கோட்டை ஏதும் இல்லை என்பது வேறு செய்தி. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகள் 1892இல் நூலாக வெளிவந்தன. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவர் அதே மலைகளில் வேட்டையாடி நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகள் அவை. அவற்றை எழுதியவர் விலங்கியல் அறிஞர் அல்லர். தாம் சுட்டதைப் பெருமையோடு எழுதிய வேட்டைக்காரரே. ஆயினும் எந்த மலையில் எந்த விலங்கு இருந்தது என்பதை அறிய விரும்புவோர் இத்தகையோரின் ஏடுகளையே இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. கணக்கெடுப்பு என்னும் முறை தோன்றாத காலத்தில், வேட்டைக்காரரின் வெறுங்கையே கணக்காக இருந்தது.

மலைக்குப் போனோம், மூன்று நாள் சோலை சோலையாகக் கலைத்தோம், ஒரு கலைகூட வெளிவரவில்லை என்னும் புலம்பல் உதகையில் பெருகியது. புலம்பியோர் கூடி 1877ஆம் ஆண்டு நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை நிறுவினர். பின்னர் அது நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் என்று வழங்கியது.

1877 என்னும் ஆண்டைத் தமிழர் மறத்தல் இயலாது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிக் கூறிய பெரும்பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூரிலுமாக மாண்டவர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என மதிப்பிடுவர். சேலத்திலும் பெல்லாரியிலும் கஞ்சித்தொட்டிகளின் முன்னே எலும்புக்கூடுகளாக மக்கள் நின்ற அதே ஆண்டில், உதகையின் குளிரில் கனவான்கள் கூடி மான் குறைந்ததற்கு வருந்தினர். மானுக்காக வருந்தியது குற்றம் என்று யான் கூறவில்லை. ஆனால் ஒன்றை ஒன்றின் அருகில் வைத்துப் பார்க்காமல் வரலாறு எழுதுவது முறையன்று.

சங்கத்தார் ஆற்றல் மிக்கவர்கள். கவர்னரும் அவர் ஆலோசகர்களும் ஆண்டில் பாதி நாள் அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்தனர் அல்லவா? இரண்டே ஆண்டுகளில் சட்டம் பிறந்தது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். பக்கிங்ஹாம் கோமகன் சென்னைக் கவர்னராக இருந்த காலம் அது. ஒரே ஒரு மாவட்டத்திற்கென்று இயற்றப்பட்ட இச்சட்டம், காட்டெருமை, கடமான், வரையாடு, எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில் முதலியவற்றை ‘வேட்டை விலங்கு’ என்று வகுத்தது. ஆண்டில் குறித்த மாதங்களில் அவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் விற்பதும் கூடாது என்று தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. மீனும் இதில் சேர்ந்ததற்குக் காரணம், அயல்நாட்டு மீன்களை மலை ஓடைகளில் வளர்க்க அவர்கள் கொண்டிருந்த ஆசையே. மானைக் காக்க வந்த சட்டத்தில் தூண்டிற்காரரும் இடம்பிடித்துக்கொண்டனர்.

வரையாட்டைப் பற்றி ஒரு சொல். ஆங்கில வேட்டையாளர் அதனை ‘ஐபெக்ஸ்’ என்று அழைத்தனர். அது தவறான பெயர். ஐபெக்ஸ் என்பது ஆல்ப்ஸ், இமயம் போன்ற மலைகளில் வாழும் வேறு விலங்கு. நம் வரையாடு உலகில் வேறெங்கும் இல்லாமல், தமிழகத்தையும் கேரளத்தையும் சார்ந்த மேற்கு மலைத்தொடரில் மட்டுமே வாழ்வது. அது மானும் அன்று. எனினும் வேட்டைக்காரரின் பட்டியலில் மானுக்குப் பக்கத்தில் நின்றதனால் மானோடு சேர்ந்து அழிந்தது. மானோடு சேர்ந்தே காக்கவும் பட்டது.

தென்னிலங்கையிலும் இதே கதை நடந்தது. நுவரெலியா மலையில் சாமுவேல் பேக்கர் என்பவர் வேட்டை நாய்களைக் கொண்டு கடமானைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையாக எழுதியவர். அத்தகையோரின் வழித்தோன்றல்கள் 1894இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். அமெரிக்காவில் தியோடோர் ரூஸ்வெல்ட் முதலிய வேட்டையாளர் தம் சங்கத்தை அமைத்தது 1887இல். அவ்விரண்டிற்கும் முந்தியது நம் நீலகிரிச் சங்கம்.

இனி இவ்வரலாற்றின் நெஞ்சிற்கு வருவோம். மான் குறைந்தது உண்மை. யாரால் குறைந்தது? அக்கால வேட்டையாளரைக் கேட்டால் மூன்று விரல்கள் மூன்று பக்கம் நீண்டன.

முதல் விரல் மலைவாழ் மக்களையும் உள்நாட்டு வேட்டைக்காரரையும் நோக்கி நீண்டது. அவர்கள் வலையும் கண்ணியும் வைக்கிறார்கள். பெண்ணென்றும் குட்டியென்றும் பாராமல் கொல்கிறார்கள். இறைச்சியைச் சந்தையில் விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இதில் சிறிதும் உண்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. சந்தையில் மான் இறைச்சி விற்றதுண்டு. ஆனால் அதனை வாங்கியவர் யார்? உதகையில் வீடு கட்டிக் குடியேறியவரும், படைவீட்டைச் சார்ந்தவருமே. குறும்பரும் இருளரும் தம் உணவுக்காகப் பன்னெடுங்காலமாக வேட்டையாடியும் 1819இல் சல்லிவன் வந்தபோது சோலைகள் நிறைந்தே இருந்தன. தோதவரோ எருமைப் பாலையே நம்பி வாழ்ந்தவர்; வேட்டையாடுவது அவர்கள் தொழிலன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளில் வந்த குறைவுக்கு, பல நூற்றாண்டுகளாக இருந்தவரைக் காரணம் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

இங்கிலாந்து நாட்டில் மான் நிலக்கிழாரின் உடைமை. அதனைப் பிடிக்கும் ஏழை திருடன். அந்நாட்டுப் பழக்கத்தையே இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நம் மலைக்கு வந்தனர். விளையாட்டிற்காகக் கொல்பவன் கனவான், வயிற்றுக்காகக் கொல்பவன் கள்ளன் என்னும் பாகுபாடு சட்டத்தின் உயிராக அமைந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் அரசின் ஒதுக்குக் காடுகளாயின. வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பணம் வேண்டும். பணம் என்பதையே அரிதாகக் கண்ட குறும்பர் குடிக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. தம் பாட்டன் வேட்டையாடிய சோலையில் நுழைவதே அவர்க்குக் குற்றமாயிற்று. அதே சோலையில் துரைக்கு மானின் தடம் காட்டும் கூலியாக நுழைந்தால் குற்றமில்லை. தடம் காணும் கலையை அவர்களிடமன்றி வேறு யாரிடமும் துரைமார் பெற இயலவில்லை என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாம் விரல் தோட்ட முதலாளிகளை நோக்கி நீண்டது. ஆனால் பாதியில் மடங்கிவிட்டது. காடு அழிந்ததே பெருங்காரணம் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. எனினும் தோட்ட முதலாளியும் வேட்டையாளரும் பெரும்பாலும் ஒரே கிளப்பில் உணவருந்துபவர்கள். சில வேளை இருவரும் ஒருவரே. தேயிலைக்குச் சட்டம் தடை விதிக்கவில்லை.

மூன்றாம் விரல் வாயில்லாத ஒரு விலங்கை நோக்கி நீண்டது. அது செந்நாய். இதன்மேல் வேட்டையாளர் கொண்ட பகை அளவற்றது. காரணமும் உண்டு. புலி இரவில் ஒளிந்து கொல்வது. செந்நாயோ பட்டப்பகலில் கூட்டமாக வந்து கடமானை ஓட ஓட விரட்டி, நீருக்குள் இறக்கி, உயிர் போகும் முன்னரே கடித்துண்பது. காண்பார்க்கு அது கொடுமையாகத் தோன்றும். மேலும், செந்நாய்க் கூட்டம் ஒரு சோலையில் நுழைந்துவிட்டால், அங்கிருந்த மான்கள் சில நாளைக்கு வேறிடம் போய்விடும். விடுமுறை எடுத்துக்கொண்டு வந்த துரைக்கு அச்சில நாட்களே கிடைத்தவை. வெறுங்கையோடு திரும்பும் அவர், மான் எல்லாவற்றையும் நாய் தின்றுவிட்டது என்றே முடிவு கட்டினார். செந்நாயின் தலைக்கு விலை வைத்தனர். கொன்றவருக்குப் பரிசு, குட்டிகளைப் பொந்திலேயே அழித்தவருக்கும் பரிசு. வெள்ளையர் போன பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நம் நாட்டில் செந்நாயைக் கொன்று பரிசு பெறலாம்.

இத்தனை விரல்களில் ஒன்றேனும் தம் நெஞ்சை நோக்கித் திரும்பியதா? திரும்பியது என்றே கூறவேண்டும். அதுவே இச்சங்கத்தின் சிறப்பு. பெண்மானையும் குட்டியையும் சுடுவதில்லை என்றும், கொம்பு முற்றாத கலையை விட்டுவிடுவது என்றும், ஆண்டில் சில மாதம் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைப்பது என்றும் வேட்டையாளர் தாமே தமக்கு விலங்கு பூட்டிக்கொண்டனர். நாளைக்கும் சுட மான் வேண்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் தன்னலமே. ஆனால் பயன் உண்டாயிற்று. நீலகிரி மேல்மலையில் கடமானும் வரையாடும் அற்றுப்போகாமல் நின்றதற்கு அச்சட்டமும் ஒரு காரணம்.

அதன் மதிப்பு, நம் வீட்டு வாசலிலிருந்து தெற்கே பார்த்தால் விளங்கும். சுந்தரவனத்தில் புள்ளிமான் இன்றும் உண்டு. ஆனால் பன்னிரு கிளைக் கொம்புடையது என்னும் பொருளில் இந்திக்காரர் ‘பாரசிங்கா’ என்றழைக்கும் சதுப்பு நில மான் ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தது. காட்டெருமைக்கு வேறான நீர் எருமையும், ஜாவாக் காண்டாமிருகமும் வாழ்ந்தன. இம்மூன்றும் இருபதாம் நூற்றாண்டு வளரும் முன்னரே அவ்விடத்தினின்று மறைந்தன. அங்கே காட்டை வெட்டி, கரை எழுப்பி, நெல் விளைவித்து வரி பெறுவதே அரசின் நாட்டமாக இருந்தது. உப்பு நீரும் புலியும் முதலையும் நிறைந்த அச்சேற்றுக் காட்டில் கனவான்கள் கோடை மாளிகை கட்டி வாழவில்லை. ஆகவே அங்கே குறைந்த மானுக்காகக் கூடி முறையிடும் அண்டை வீட்டார் கவர்னருக்கு இல்லை. இந்தியா முழுமைக்குமான வனப்பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1912இல் வந்தபோது, அவ்விலங்குகளுக்குக் காலம் கடந்துவிட்டது. தன்னலத்தோடு முறையிட்டவர் இருந்த மலையில் மான் தப்பியது. முறையிடுவாரே இல்லாத சதுப்பில் மான் மறைந்தது. இதை எண்ணுந்தோறும் என் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

நீலகிரியில் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1940இல் முதுமலையில் ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. தென்னாட்டின் முதற் சரணாலயங்களுள் ஒன்று அது. இன்று அது 321 சதுர கிலோமீட்டராக விரிந்து, 2007 முதல் புலிகள் காப்பகமாகவும் விளங்குகிறது. 1968இல் மாடுகளின் வெக்கை நோய் அக்காட்டில் புகுந்து காட்டெருமைகளை வாரிக்கொண்டு போனது. விலங்கு குறைவதற்கு நோயும் ஒரு காரணம் என்பது, பழைய வேட்டையாளர் நீட்டிய மூன்று விரல்களிலும் அடங்காதது.

சங்கமும் காலத்தோடு மாறியது. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த ஈ. ஆர். சி. டேவிதார் அதன் செயலாளராகப் பணியாற்றினார். அவரும் முதலில் துப்பாக்கி ஏந்தியவரே. பின்னர் அதனை விடுத்து, குறிப்பேடும் தொலைநோக்கியும் கொண்டு மலையேறினார். 1975 முதல் 1978 வரை மலை மலையாக நடந்து, உலகில் எஞ்சிய வரையாடுகள் ஏறத்தாழ 2,200 என்று கணித்தார். மசினகுடிக்கு அருகே காட்டோரத்தில் அவர் அமைத்த வீட்டுக்கு இட்ட பெயர் ‘சீத்தல் வாக்’, அதாவது புள்ளிமான் நடை. தமிழக அரசு 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் மட்டும் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் கண்டறியப்பட்டன. வேட்டை விலங்குச் சங்கம் என்று தொடங்கியது, இன்று நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கம் என்று பெயர் பூண்டிருக்கிறது.

கல்கத்தாத் தமிழர்க்கு உரிமையான ஒரு பெயரையும் இவ்விடத்தில் கூறாமல் விடல் ஆகாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன், இந்நகரத்து ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். அவருடைய பத்தியைக் கத்தரித்து ஒட்டிவைத்த நோட்டுப் புத்தகங்கள் தெற்குக் கல்கத்தாவின் தமிழர் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கக்கூடும். முதுமலைக் காட்டில் யானையையும் மானையும் படமெடுத்து அவர் எழுதியதை, காட்டையே காணாத நம்மவர் டிராம் வண்டியில் அமர்ந்து படித்தனர். விலங்கைக் காண்பதற்குத் துப்பாக்கி வேண்டா என்பதை அவர் உபதேசம் ஏதும் செய்யாமலே நாட்டினார்.

செந்நாயின் வழக்கு என்னவாயிற்று? அதனை விசாரித்தவரும் ஒரு தமிழரே. நெல்லைச் சீமை நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்தார். இந்தியர் ஒருவர் காட்டில் திரியும் பேருயிர்களைக் களத்திலிருந்தே ஆராய்ந்தது அதுவே முதல் தடவை என்பர். கூட்டம் எப்போது புறப்படுகிறது, எதைக் கொல்கிறது, குட்டிகளுக்கு எவ்வாறு ஊட்டுகிறது என்றெல்லாம் நாள்தோறும் குறித்தார். செந்நாய் மிகுதியும் புள்ளிமானையே உண்டது. அவ்வாறு உண்டும் பந்திப்பூரில் புள்ளிமானுக்குப் பஞ்சம் வரவில்லை. வேட்டையாளர் நூறாண்டு காலம் கூண்டிலேற்றி வைத்திருந்த விலங்கு இவ்வாறு விடுவிக்கப்பட்டது. ஜான்சிங் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார்.

கொல்லும் விலங்கே இல்லாத இடத்தில் மான் என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுமாயின், கிதிர்ப்பூர்த் துறையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறிச் சென்றவர்கள் கூறுவார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளையர் அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டனர். புலியும் செந்நாயும் இல்லாத அத்தீவுகளில் அது பெருகி, இளங்கன்றுகளைக் கடித்து, காடு மறுபடி தழைப்பதற்கே இடையூறாக நிற்கிறது.

குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் அடைந்த இழப்பு அவ்வளவு விரைவில் ஆராயப்படவில்லை. அவர்களுடைய வன உரிமையை ஏற்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2006இல்; நீலகிரி வேட்டைச் சட்டத்திற்கு 127 ஆண்டுகளுக்குப் பின்னர். அச்சட்டப்படி உரிமைப் பட்டா பெறுவதற்கு அலையும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. இதற்கிடையே வனத்துறை தன் தேவைக்கு அவர்களையே நாட வேண்டியதாயிற்று. மூணாற்று மலையில் தோட்டக்காரர்கள் இரவிகுளத்தை வேட்டை நிலமாக வைத்திருந்த காலத்திலேயே, அதற்குக் காவலராக முதுவர்களை அமர்த்தியிருந்தனர். முதுமலையில் இன்று ‘வேட்டைத் தடுப்புக் காவலர்’ என்னும் பெயரில், கையில் கோலோடு விடியற்காலையில் ரோந்து புறப்படுபவர்களுள் பலர் அம்மலைக்குடிகளின் பிள்ளைகள். கள்ள வேட்டைக்காரரின் காலடியையும் கண்ணியையும் கண்டறிவது அவர்கள் வேலை. துரைமார்க்குக் கடமானின் தடம் காட்டிய அதே கண்கள்தாம்.